இரட்டை உறை மறைந்தது

குதிரைச் சேணத்தின் முன்மேட்டில் இடமும் வலமுமாகத் தொங்கி, சவாரி செய்தவனின் கைத்துப்பாக்கிகள் இரண்டையும் ஏறத்தாழ 300 ஆண்டுகள் சுமந்து வந்த தோல் உறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பணியிலிருந்து நின்றது. எந்த நாளில் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. வாளுக்கும் துப்பாக்கிக்கும் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டி கிடைத்தது. உறைக்குப் பெரும்பாலும் கிடங்கின் மூலைதான் கிடைத்தது. அதைத் தேடிச் சேர்த்து, நிழலில் வைத்துக் காப்பாற்றிய சிலர் இருந்தார்கள். அவர்களும் இப்போது குறைந்து வருகிறார்கள். அந்தச் சிலரையும், அவர்களுடைய இழப்பு இன்னதென்று அறிந்த மற்றவர்களையும் முன்னிட்டு இந்த வரிகளை எழுதுகிறேன்.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில், விஜயநகரக் காலத்துச் சிற்பிகள் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளைத் தூண்களில் நிறுத்தியிருக்கிறார்கள். கடிவாள வார், கழுத்துச் சலங்கை, சேணத்துக்கு அடியில் விரித்த துணி, வீரனின் ஊன்றிய பாதம் என்று பூட்டுச் சாமான்கள் எல்லாம் கல்லில் நிற்கின்றன. வைகாசிப் பிரம்மோற்சவத்தில் பெருமாள் குதிரை வாகனத்தில் எழுந்தருளும் இரவில் அதே அலங்காரத்தை மரக்குதிரையின் மேலும் பார்த்து வளர்ந்த ஊர் இது. சேணத்தில் துப்பாக்கி உறை தொங்கும் வழக்கம் இந்தப் பக்கத்தில் வேரூன்றியது அந்தச் சிற்பிகளின் காலத்துக்கு வெகுவாகப் பின்னால். அதனால் கல்லில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் அது சென்னை ராஜதானிக்குப் பெருவாரியாக வந்து சேரக் காரணமான துயரம் நடந்தது காஞ்சியை ஒட்டிய வயல்வெளியில்தான். அந்தக் கதைக்குப் போகும் முன் அதன் பிறப்பைச் சொல்லிவிட வேண்டும்.

திரி வைத்துச் சுடும் துப்பாக்கி மட்டும் இருந்த நாளில் சேண உறை பிறந்திருக்க முடியாது. எரிகிற திரியோடு எந்த ஆயுதத்தையும் தோலுக்குள் செருக இயலாது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில், முறுக்கி வைத்த சக்கரம் சுழன்று கல்லில் உரசிப் பொறி எழுப்பும் விசை உருவானதும், துப்பாக்கியை மருந்திட்டுத் தயாராக மூடி வைத்துக்கொண்டு நெடுந்தூரம் போகலாம் என்ற நிலை வந்தது. ஜெர்மானியக் குதிரைவீரர்கள் சேணத்தின் முன்புறம் இரு பக்கமும் உறை தொங்கவிட்டு, எதிரியின் அணிக்கு அருகே போய் ஒன்றைச் சுட்டு, அதைச் செருகிவிட்டு மற்றதை எடுத்தார்கள். பிறகு சக்கரம் போய்ச் சிக்கிமுக்கி விசை வந்தது, உறை மாறவில்லை. ஒரு குழலுக்கு ஒரு குண்டுதான் என்பது அன்றைய விதி. பாய்கிற குதிரையின் மேல் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்து, மருந்து கொட்டி, கம்பியால் இடித்து மறுபடி நிரப்புவது எளிதான காரியம் அல்ல. ஆகவே சவாரியின் கையில் இருந்தவை மொத்தமும் இரண்டு வேட்டுகள். அந்த இரண்டையும் மழையிலிருந்தும் புழுதியிலிருந்தும் குதிரையின் வியர்வையிலிருந்தும் காத்து, வேண்டிய நொடியில் கைக்குக் கொடுப்பதே உறையின் வாழ்க்கைப் பணியாக அமைந்தது.

அதன் உடலமைப்பை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு அதன் மேல் மரியாதை வராமல் இருக்காது. தடித்த மாட்டுத்தோலை ஈரத்தில் அச்சின் மேல் சுற்றி, உலரவிட்டு, மெழுகு தடவிய நூலால் இரண்டு ஊசிகள் எதிரெதிராகப் போய்வரும் தையலில் பின்புறம் மூட்டியிருப்பார்கள். மேலே அகன்று கீழே ஒடுங்கும் குழாய் வடிவம். அடிமுனையில் தோல் மூடியோ பித்தளைத் தொப்பியோ இருக்கும். இரண்டு குழாய்களையும் இணைக்கும் அகன்ற தோல்பட்டை சேணத்தின் முன்மேட்டில் படிந்து உட்காரும். அதைச் சேணத்தோடு கட்டிவைக்கத் தனி வார்களும் பக்கிள்களும் உண்டு. துப்பாக்கி வாய் கீழாக, பிடி மேலாக இருக்கும். வாய் கீழ்நோக்கியிருப்பதால் நாள் முழுக்கக் குலுங்கும் குதிரையில் குண்டு நழுவி விழும் அபாயம் இருந்தது. குண்டுக்கு மேல் காகிதத்தை இறுக்கி அடைத்துக்கொள்வது அனுபவசாலிகளின் பழக்கம். பிடியின் மேல் தோல் மூடி கவியும். அதிகாரிகளின் சேணத்தில் அந்த மூடியைக் கரடித்தோலால் போர்த்துவதும் உண்டு. இன்று அகப்படும் உறைகளில் முதலில் செத்துப்போயிருப்பது அந்த ரோமம்தான். பூச்சி அதை விட்டுவைப்பதில்லை. கடைசி வரை உயிரோடு இருப்பது தையல். நூல் இற்றுப்போனாலும் ஊசி போன துளைகள் ஒரே இடைவெளியில், ஒரே சாய்வில் நிற்கின்றன. பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கை அங்கே இன்னும் படிக்கும்படி இருக்கிறது.

காஞ்சிக்கு வருவோம். 1780 ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி பெரும் குதிரைப்படையோடு கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி ஹெக்டர் மன்றோவின் சேனை காஞ்சிபுரத்தில் முகாமிட்டிருந்தது. வடக்கிலிருந்து வந்த மற்றொரு கம்பெனி அதிகாரி பெய்லியின் பிரிவு அதனோடு சேர வேண்டும். இரண்டு சேனைகளுக்கும் இடையே மைசூர்க் குதிரைகள் புகுந்துகொண்டன. கம்பெனியிடம் குதிரைப்படை என்பது அன்று பெயரளவுக்கே இருந்தது. செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிக்கு வடக்கே புள்ளலூரில் பெய்லியின் பிரிவு அழிந்தது. சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்த மன்றோ நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மறுநாள் தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சியின் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகப் பின்வாங்கினார். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782இல் இறந்தார். புள்ளலூரில் மறு ஆண்டு நடந்த இன்னொரு போரில் விழுந்த ஆங்கில அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் இன்னும் அங்கே வயல்களுக்கு நடுவே நிற்கின்றன. ஹைதரும் அவர் மகன் திப்புவும் வென்ற அந்த முதற்போரின் காட்சி ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் வண்ணத்தில் இருக்கிறது. கம்பெனி அந்தத் தோல்வியில் கண்டுகொண்டது குதிரைகளின் வலிமை. 1782இல் லைட் டிரகூன் ரெஜிமெண்ட் ஒன்று சென்னையில் கப்பலிலிருந்து இறங்கியது. இந்தியாவில் பணியாற்ற வந்த முதல் ஆங்கிலேய அரசக் குதிரைப்படை அதுவே. பின்னாளில் 19ஆம் டிரகூன் என்று பெயர் பெற்றது. 1784இல் ஆற்காட்டு நவாபின் குதிரைப்படைகள் கம்பெனிக்கு மாறின. அந்தச் சேணங்களோடு இரட்டை உறையும் நம் மண்ணில் குடியேறியது.

அதன் பணிக்காலத்தைச் சொல்லும்போது நாம் தயங்க வேண்டிய இடமும் இருக்கிறது. 1803 செப்டம்பர் 23இல் அஸ்ஸாயேயில் மராத்தியர் அணிகளுக்குள் பாய்ந்த சேணங்களில் அது தொங்கியது. 1806 ஜூலை 10ஆம் நாள் காலை, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள் என்ற செய்தி கேட்டு, ஆங்கில அதிகாரி கில்லஸ்பி ஆற்காட்டிலிருந்து 19ஆம் டிரகூன் குதிரைகளோடு விரைந்தபோதும் அது அந்தச் சேணங்களில் இருந்தது. அன்று கோட்டைக்குள் கொன்று குவிக்கப்பட்டவர்கள் நம்மவர்கள். உறை யாருக்கு ஏவல் செய்கிறோம் என்று அறியாது. எதிர்த் தரப்புக்கும் அது அதே உண்மையோடு ஊழியம் செய்தது. திப்பு சுல்தானின் கைத்துப்பாக்கிகளில் ஒன்றுக்கு வலப்புறமும் மற்றதற்கு இடப்புறமும் விசை அமைத்த, கண்ணாடியில் பார்த்தது போன்ற ஒரு ஜோடி இன்றும் இருக்கிறது. சேணத்தின் இரு பக்கத்தையும் மனத்தில் வைத்துச் செய்தது போலவே அது எனக்குத் தோன்றும். வேலூரை மறந்துவிட்டு இந்த உறையை நினைக்க என்னால் ஆகாது. ஆனால் குற்றத்தைத் தோலின் மேல் ஏற்றவும் மனம் வரவில்லை.

தோல் என்றதும் நம் நாட்டு ஆவாரஞ்செடி வந்து நிற்கிறது. கம்பெனியின் தொடக்கச் சேணங்கள் சீமையிலிருந்து ஓக் மரப்பட்டையில் பதமிட்டு வந்தவை. நாளடைவில் சேணச் சாமான்களை இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். கான்பூரில் 1860களில் சேணத்துக்கென்றே அரசாங்கத் தொழிற்சாலை வந்தது. தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் முறை அதற்கு முன்பே பேர் போனது. சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு முடி களைந்த தோலை ஆவாரம் பட்டைச் சாற்றில் பல நாள் மாற்றி மாற்றி ஊறவைத்து, பிறகு கடுக்காய் நீரில் நனைத்து, புங்க எண்ணெய் தேய்த்து முடிப்பார்கள். ஆவாரம் பட்டையில் மட்டும் பதமான தோல் வெயிலில் பட்டால் சிவந்துபோகும். அதைத் தடுப்பது கடுக்காய். குழியில் முழங்கால் அளவு சாற்றில் நின்று தோலை மிதித்துப் புரட்டியவர்கள் ஊரின் ஓரத்தில் தள்ளி வைக்கப்பட்டவர்கள். அவர்கள் கை பட்ட பண்டம் லண்டன் ஏலச் சந்தை வரை போயிற்று; அவர்கள் பெயர் எந்த முத்திரையிலும் ஏறவில்லை. பட்டுக்குக் காஞ்சி பெற்ற புகழில் நூறில் ஒரு பங்கு கூட ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் அந்த நாளில் யாரும் கொடுக்கவில்லை என்பது என் மனக்குறை. நெசவாளியின் கைவண்ணத்தைக் கொண்டாடியவர்கள் தோலில் தையல் போட்டவனின் கைவண்ணத்தைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

முதுமை 1850களில் வந்தது. லண்டனில் 1851 கண்காட்சியில் ராபர்ட் ஆடம்ஸ் ஐந்து குண்டு நிரப்பும் ரிவால்வரை வைத்தார். அமெரிக்காவிலிருந்து சாமுவேல் கோல்ட்டும் தம் ரிவால்வரோடு வந்திருந்தார். ஒரே ஆயுதத்தில் ஐந்தோ ஆறோ வேட்டு கிடைத்தபின் ஜோடிக்கு என்ன வேலை? முதலில் ஒரு பக்கத்து உறை துப்பாக்கியை இழந்தது. பல படைகளில் ஒரு பக்கம் ஆயுதமும் மறுபக்கம் லாடம், லாட ஆணி, பிரஷ் போன்றவையும் இருக்கத் தொடங்கின. அடுத்த அடி இந்திய மண்ணிலேயே விழுந்தது. 1858 ஆகஸ்ட் 31இல் ரோகில்கண்டின் சீர்புராவில், பஞ்சாப் குதிரைப்படையின் சாம் பிரவுன் தம் இடக்கையை இழந்தார். ஒரே கையால் வாளை உருவுவதற்கு வாகாக, இடுப்பு வாரோடு தோளின் மேல் குறுக்காக ஒரு வாரைச் சேர்த்து அவர் அமைத்துக்கொண்ட பெல்ட்தான் பின்னர் உலகப் படைகளெல்லாம் அணிந்தது. அதே வாரில் ரிவால்வர் உறையும் ஏறியது. குதிரை விழுந்தாலும், சவாரி கீழே உருண்டாலும் ஆயுதம் அவன் உடம்போடு இருக்கும். சேண உறைக்கு இருந்த பெருங்குறையே அதுதான்: குதிரை ஓடிப்போனால் இரண்டு வேட்டுகளும் அதோடு போய்விடும். இந்தக் குறையை நம் பெரியவரால் கடைசி வரை தீர்க்க முடியவில்லை. சேணத்தின் முன்மேட்டில் அது விட்டுப்போன இடத்தில் மாற்றுச் சட்டையும் சிறு சாமானும் வைக்கும் தோல் பைகள் வந்து உட்கார்ந்தன.

குதிரைகளும் அதிக நாள் நிற்கவில்லை. 1938 முதல் இந்தியக் குதிரைப்படைகள் ஒவ்வொன்றாக இயந்திர வண்டிக்கு மாறின. 1776இல் நவாபின் படையாகத் தோன்றிய ரெஜிமெண்ட் இன்று 16ஆம் லைட் கவல்ரி என்ற பெயரில் டாங்கிகளோடு இருக்கிறது. சென்னைக் கவர்னரின் மெய்க்காப்புக் குதிரைப்படை 1947இல் கலைந்தது. 1953இல் அமைந்து ஜெய்ப்பூரில் இருக்கும் 61ஆம் கவல்ரியிடம் மட்டும் முழுக் குதிரைப்படை மிச்சமிருக்கிறது. அவர்களுடைய சேணத்தில் இரட்டை உறைக்கு வேலை இல்லை.

சேகரிப்பவர்கள் வந்தது அதற்குப் பிறகு. 1900இல் திறந்த சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம், கடிகாரம், நாணயம் தேடுகிறவர்களோடு பட்டாளத்துச் சாமான் தேடுகிறவர்களும் சுற்றினார்கள். 1985இல் அது எரிந்துபோயிற்று. இப்போது பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையும், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவும்தான் போக்கிடம். சென்னைப் படையில் குதிரையும் சேணமும் ஆயுதமும் சர்க்கார் கொடுத்தவை. வடக்கத்திய சில்லேதார் படைகளைப் போல சவார் தன் சொந்தச் சாமானோடு வந்து சேரவில்லை. ஓய்வு பெற்றவர் வீட்டுக்குச் சேணத்தை எடுத்துப்போக வழியில்லாததால், பரண்களிலிருந்து உறை இறங்கி வருவதும் நம் பக்கத்தில் மிக அரிது. அகப்படும் ஒன்றிரண்டும் ஒற்றையாகவே அகப்படும். இணைப்புப் பட்டையை அறுத்து, இரண்டு உறைகளையும் இரண்டு பேருக்கு விற்றுவிட்டவர்கள் பிரிக்கக் கூடாததைப் பிரித்தார்கள் என்று சேகரிப்பவர்கள் இன்றும் வருந்துவார்கள். துப்பாக்கி கைமாறும்போதும் அதுவே நடந்தது: விலை இரும்புக்கு, தோல் கழிவுக்கு. துப்பாக்கியின் விசைத்தகட்டில் முன்னங்கால் தூக்கிய கம்பெனிச் சிங்கத்தின் முத்திரையைக் கண்டதும் விலை ஏறும். அந்தத் துப்பாக்கி எந்தக் குதிரையின் தோளில் உரசி எங்கே தேய்ந்தது என்பதைச் சொல்லத் தோல் ஒன்றுதான் சாட்சி. சவாரியின் தொடை பட்டுப் பட்டு மினுமினுத்த பக்கமும், வார் இழுத்து நீண்ட துளையும் எழுதி வைத்த பதிவேடுகளைவிட நேர்மையானவை.

அந்தச் சாட்சியையும் ஒரு நோய் அரித்துக்கொண்டிருக்கிறது. தாவரப் பட்டையில் பதமிட்ட பழைய தோலில் காற்றிலுள்ள கந்தகப் புகை ஊறி அமிலமாகி, மேற்பரப்பைச் சிவந்த பொடியாக உதிர்த்துவிடும். விரல் பட்டால் செங்கல் தூள் போல ஒட்டிக்கொள்ளும். பிறகு மடிப்புகள் வெடிக்கும். வார்கள் தம் எடையிலேயே அறுந்து விழும். புத்தகக் கட்டுத் தோல்கள் ஏன் இப்படி அழிகின்றன என்று ஆராய லண்டனில் அமைந்த ஒரு குழு, 1901இல் தந்த அறிக்கையில், நம் ஆவாரம் பட்டை வகையைச் சேர்ந்த துவர்ப்பில் பதமான தோல்களே இந்த நோய்க்கு எளிதில் ஆளாகின்றன என்று கண்டது. உலகச் சந்தையில் நமக்குப் பேர் வாங்கித் தந்த பட்டைக்குள்ளேயே முதுமையின் நோயும் இருந்திருக்கிறது. அந்தப் பட்டையின் காலமும் முடிந்துவிட்டது. குரோம் உப்பில் பதமிடும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தது. குரோம்பேட்டை அந்தத் தொழிலின் பெயரால் அமைந்த ஊர். வெளிநாட்டு வாட்டில் பட்டையும் இறக்குமதியாயிற்று. ஆவாரை இப்போது போகியன்று வாசலில் செருகும் பூவாகவும், சர்க்கரை நோய்க்கு விற்கும் பொடியாகவும் நம்மிடம் தங்கியிருக்கிறது.

புதிதாகவும் சேண உறை செய்கிறார்கள். பழைய போர்களை வேடமிட்டு நடித்துக் காட்டும் அயல்நாட்டுக்காரர்களுக்காகக் கான்பூரில் தைத்து அனுப்புகிறார்கள். கைவேலை சுத்தமாகத்தான் இருக்கிறது. அதில் யாருக்கும் பிழைப்புக் கிடைக்கட்டும், நமக்கு வருத்தமில்லை. தேயிலைச் சாறு ஊற்றிப் பழசாக்கி நூறு ஆண்டுப் பொருள் என்று விற்பது மட்டும் இறந்தவருக்குச் செய்யும் அவமரியாதை. தையல் துளையின் உட்புறம் வெளிறியிருந்தால், பக்கிளின் துருத் தடம் தோலில் இல்லாவிட்டால், அனுபவப்பட்டவர்கள் பேசாமல் கீழே வைத்துவிடுவார்கள்.

மறைந்தவரின் சுற்றம் என்று சொல்ல இன்னும் சிலர் இருக்கிறார்கள். கருட சேவைக்குச் சின்ன காஞ்சியில் கூட்டம் நெரியும் காலையில் சன்னதித் தெருவில் பாதுகாப்புக்கு நிற்கும் சப்-இன்ஸ்பெக்டரின் இடுப்பு உறை அதன் இளைய தலைமுறை. என்ஃபீல்டு வண்டிகளின் இரு பக்கமும் தொங்கும் தோல் பைகள், முன்மேட்டில் அதன் இடத்துக்கு வந்த பைகளின் வழித்தோன்றல்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1948இல் திறந்த அருங்காட்சியகத்தில் அது சுமந்த வகை ஆயுதங்களையும் அதன் காலத்து அதிகாரிகளின் உடைகளையும் போய்ப் பார்க்கலாம்.

ஒற்றை உறை வைத்திருக்கும் நண்பர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கத்தைக் கைவிடாமல் நடத்தி வருகிறார்கள். உறைக்கு எண்ணெய் போடுவதில்லை; போட்டால் பொடி குழைந்து சேறாகிவிடும். பருத்தித் துணியில் சுற்றி, உள்ளே தாளைச் சுருட்டி வைத்து வடிவம் கெடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். குழாயின் நீளம், வாய் அகலம், ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல், இணைப்புப் பட்டை எந்த இடத்தில் அறுந்திருக்கிறது, இடப்பக்கத்து உறையா வலப்பக்கத்து உறையா, முத்திரை இருந்தால் அதன் நகல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மற்றவர்களுக்கு அனுப்பிக் கேட்கிறார்கள். அறுந்த விளிம்புகள் இரண்டும் பொருந்திவிட்டால், யாராவது ஒருவர் தம்மிடம் உள்ளதை மற்றவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு.